பன்றிக்குத் துப்பாக்கி: புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதா?

கடந்த ஓராண்டாக நான் போன இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் பஞ்சகவ்யம் பற்றிக் கேட்டவர்களைவிடத் துப்பாக்கி பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். "ஏனுங்கண்ணா, உங்க வீட்ல லைசென்ஸ் துப்பாக்கி இருக்குதுங்களாமா? நமக்கும் ஒண்ணு வாங்கோணும். புதுசு வாங்கறதுங்களா, பழசே போதுங்களா?"

எங்கள் நிலம் சத்தியமங்கலம் காட்டோரத்தில் இருக்கிறது. நிலக்கடலை, மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு என்று எதை வைத்தாலும் பங்குக்குப் பன்றி வரும். தாத்தா காலத்திலிருந்து பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற துப்பாக்கி எங்கள் வீட்டில் இருக்கிறது. அதனால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும். வாங்க வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்படும்.

நம் வயலுக்கு ஏன் கூடுதலாக வருகிறது?

இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பன்றிக்குக் கண்பார்வை மந்தம், மூக்கு மகா கூர்மை. மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கையும் புழுவையும் மோப்பத்தில் கண்டுபிடித்துவிடும். மண்புழுவும் வெள்ளைப் புழுவும் அதற்கு விருப்பமான தீனி. மூடாக்குப் போட்டு, ஈரம் காத்து, மண்புழுவைப் பெருக்கி வைத்திருக்கிற நம் வயல், பயிர் இல்லாத நாளிலும் அதற்குப் பந்தி விரித்த மாதிரிதான். பக்கத்துக் காட்டுக்காரர் ரசாயனம் போட்டு மண்ணைக் கல்லாக்கி வைத்திருப்பார். அங்கே கடலை இருக்கும்போது மட்டும் வரும். நம்மிடம் வருசம் முழுக்க வரும்.

அவர்கள் செய்வதை நாம் செய்யவும் முடியாது. போரேட் குருணையைத் துணியில் கட்டி வரப்போரம் தொங்கவிடும் பழக்கம் பல ஊர்களில் இருந்தது. அந்த நஞ்சு 2020 முடிவோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. தடை இல்லாவிட்டாலும் நாம் தொடப் போவதில்லை. ஆகவே நம்மவர்களுக்குத் துப்பாக்கி மேல் கண் போவது இயல்பு. அதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். நான்கு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்த கடலையை ஒரே இரவில் உழுதுபோட்டதைப் பார்த்தவனுக்கு அகிம்சை பாடம் எடுக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கிக் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தெரியாமல்தான் பலர் பணத்தை இறக்குகிறார்கள்.

நம்மிடம் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. துப்பாக்கி வைத்திருக்க உரிமை தருவது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். விலங்கைச் சுடலாமா கூடாதா என்று சொல்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முதல் சட்டத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டால் இரண்டாவதில் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரைத் தின்றால்கூட, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம் ஆணை தந்தால்தான் சுடலாம். சட்டத்தின் 11ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆணையில்லாமல் சுட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம். உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகச் சுட்டால் குற்றமில்லை. ஆனால் செத்த பன்றி அப்போதும் அரசுச் சொத்துதான். கறி சமைத்தால் தனி வழக்கு.

2025 சனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி கிடையாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடுவார்கள். கவனியுங்கள், சுடுவது வனத்துறையினர். நீங்களோ நானோ அல்ல.

அப்படியானால் உழவன் கையில் இருக்கும் துப்பாக்கி எதற்கு? சத்தம் காட்டி விரட்டுவதற்கு. மேலே பார்த்துக்கூடச் சுடாமல், எதிரே மண் மேடு இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு வெடி வைத்தால் கூட்டம் ஓடும். இரண்டு மூன்று நாள் வராது. பிறகு பழகிவிடும். இவ்வளவுதான் அதன் பலன். இதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிதாக ஆயுத உரிமம் தர வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்னிசைவு வேண்டும். காட்டோரத்தில்தான் பன்றித் தொல்லை அதிகம். அங்கேதான் லைசென்ஸ் கிடைப்பதும் கடினம். மனு கொடுத்துவிட்டு முன்பணம் கட்டாதீர்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு கடைக்குப் போங்கள்.

என்ன வகை?

பயிர்ப் பாதுகாப்புக்கென்று மனுச் செய்கிறவருக்கு ஆயுதச் சட்டம் முதலில் கைகாட்டுவது வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கியை. குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, ரவை போட்டு, கம்பியால் இடித்து, கேப்பு வைத்துச் சுடுவது. அது போதாது என்று உரிமம் தரும் அலுவலர் கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உள்ளே வழவழப்பான வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். நம் பக்கம் அது 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல்.

"ரைஃபிள் வாங்கலாமுங்களா? தூரமா அடிக்குமாமே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். 315 ரைஃபிளின் குண்டு குறி தவறினால் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். நம் ஊர்களில் இரண்டு கிலோமீட்டருக்குள் எத்தனை களத்து வீடு, எத்தனை பேர் இராத்திரி நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள்? இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே அந்தக் குண்டு எங்கே போகிறதென்று யாருக்குத் தெரியும்? வெளிநாட்டுப் படங்களில் வேட்டைக்காரர்கள் தூரக்கண்ணாடி மாட்டிய ரைஃபிளோடு போவதைப் பார்த்துவிட்டு நம் கடலைக் காட்டுக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. இந்தியாவில் அப்படிப்பட்ட வேட்டைக்கு இன்று சட்டத்தில் இடமே கிடையாது.

ஏர்கன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 0.177 அளவில், 20 ஜூல் விசைக்கு உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். பன்றியின் தோலுக்கு அது கொசுக்கடி. மயிலை அடித்தால் முதல் அட்டவணை விலங்கு, நேரே கம்பி எண்ண வேண்டியதுதான். லைசென்ஸ் வேண்டாம் என்பது துப்பாக்கிக்குத்தான், சுடுவதற்கு அல்ல.

புதுசா, பழசா?

இப்போது கேள்விக்கு வருகிறேன். லைசென்ஸ் கிடைத்துவிட்டது, வாங்கியே தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு என் கருத்து இது: முறையான ஆவணமுள்ள, நன்றாகப் பேணப்பட்ட பழைய 12 போர் போதும். புதுசு தேவையில்லை.

காரணம் எளிது. போட்டிகளில் சுடுகிறவர் வருசத்துக்கு ஆயிரக்கணக்கில் தோட்டா சுடுவார். அவருக்குப் புதுத் துப்பாக்கி வேண்டும். நாம் வருசத்துக்குப் பத்துத் தோட்டா சுட்டால் அதிகம். உழவர் வீட்டுப் பழைய துப்பாக்கிகள் பெரும்பாலும் சுட்டுத் தேய்ந்தவை அல்ல, எண்ணெய் போடாமல் துருப்பிடித்துக் கெட்டவை. துரு பிடிக்காத ஒன்று கிடைத்தால் அது இன்னும் இரண்டு தலைமுறைக்கு வரும். இசாப்பூர் என்று ஆயுதத் தொழிற்சாலையின் பெயரைச் சொல்லி விற்பார்கள். பெயரைப் பார்க்காதீர்கள், குழலைப் பாருங்கள்.

புதுசு வாங்குவதில் ஒரு நன்மை உண்டு, மறைக்க மாட்டேன். பழசைச் சோதித்துப் பார்க்கத் தெரியாதவர், சோதித்துச் சொல்ல நம்பகமான ஆள் இல்லாதவர், புதுசு வாங்குவதே மேல். பழைய டிராக்டரில் ஏமாந்தால் பணம் போகும். பழைய துப்பாக்கியில் ஏமாந்தால் கையும் கண்ணும் போகும்.

பழசு வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

முதலாவது காகிதம். குழலில் பொறித்திருக்கும் எண்ணும் விற்பவரின் லைசென்ஸில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சுரண்டிய தடம், மறுபடி பொறித்த தடம் தெரிந்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். லைசென்ஸ் உள்ள ஒருவர் தன் துப்பாக்கியை நேரடியாக இன்னொரு லைசென்ஸ்காரருக்கு விற்கலாம். ஆனால் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். "இப்ப எடுத்துட்டுப் போங்க, பேப்பர் அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறவரிடம் வாங்காதீர்கள். உரிமம் பெற்ற விற்பனையாளர் மூலம் வாங்குவது கொஞ்சம் கூடுதல் செலவு, நிறைய நிம்மதி.

இரண்டாவது குழல். துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு, குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி வளையல்களை அடுக்கியது போல வட்டம் வட்டமாகச் சீராகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் வட்டம் நெளிந்தால் அங்கே வெளியே அடிபட்டு ஒடுங்கியிருக்கிறது. கருப்புக் கருப்பாகக் குழி தெரிந்தால் துரு தின்றிருக்கிறது. விரலால் வெளிப்புறம் தடவுங்கள். எங்காவது வயிறு வைத்திருந்தால், அடைப்போடு ஒரு தடவை சுட்டிருக்கிறார்கள். அந்தக் குழல் அடுத்த தடவை கிழியும்.

குழலின் வெளியே மரத்தின் ரேகை போல நெளிநெளியாகக் கோடு இருந்தால் அது இரும்புப் பட்டையை முறுக்கிச் செய்த பழங்காலக் குழல். பார்க்க அழகாக இருக்கும். கரிமருந்துக் காலத்துச் சரக்கு. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்காது. சுவரில் மாட்டி வைக்கலாம், சுடக் கூடாது.

மூன்றாவது பூட்டு. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் குழலையும் பின்கட்டையையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் மூட்டு தேய்ந்துவிட்டது. சுடும்போது வெடி வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும்.

நான்காவது குதிரை. வெளியே குதிரை உள்ள மாதிரியானால், பாதி ஏற்றிய நிலையில் நிறுத்தி, விசையை அழுத்திப் பாருங்கள். விழக் கூடாது. முழுக்க ஏற்றிய பிறகு கட்டையின் அடியை மெதுவாகத் தரையில் தட்டிப் பாருங்கள். அதிலும் விழக் கூடாது. இதையெல்லாம் வெறும் துப்பாக்கியில், வாயை ஆளில்லாத பக்கம் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஐந்தாவது தோட்டா அறையின் நீளம். பழைய 12 போர் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர். இன்று கடைகளில் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் விற்கிறார்கள். 65இல் 70 உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடித்து விரியும்போது வாய் திறக்க இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் அளவு பொறித்திருக்கும். தெரியாவிட்டால் அறிந்த மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள்.

ஆறாவது கட்டை. கைப்பிடிக்கும் ஒடுக்கமான இடத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். மெழுகு தேய்த்து, வார்னிஷ் பூசி மறைத்திருப்பார்கள். கொஞ்சம் முறுக்கிப் பார்த்தால் வாய் திறக்கும்.

பரணில் கிடக்கும் தாத்தா துப்பாக்கி

பல வீடுகளில் வாங்க வேண்டிய வேலையே இல்லை. தாத்தாவின் வாய்வழித் துப்பாக்கி பரணில் கிடக்கும். அதை எடுக்கும்போது ஒன்று மனதில் வையுங்கள்: அது கெட்டித்த நிலையிலேயே இருக்கலாம். முப்பது வருசத்துக்கு முன்னால் போட்ட மருந்துகூட ஈரம் படாமல் இருந்தால் இன்றும் வெடிக்கும். சோதிக்கும் முறை இது. கேப்பு இருந்தால் முதலில் அதை எடுங்கள். முகத்தைக் குழலுக்கு நேரே கொண்டுபோகாமல் இடிக்கும் கம்பியை உள்ளே விட்டு, குழல் வாய் வரும் இடத்தில் கம்பியில் அடையாளம் வையுங்கள். பிறகு கம்பியை வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். கம்பி கேப்புக்குழாய் இருக்கும் இடம் வரை எட்டினால் காலி. நாலைந்து விரல் குறைவாக நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. நீங்களாகக் குடையாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் தகவல் சொல்லுங்கள்.

அதில் தோட்டாவைப் பிரித்தெடுத்த புகையில்லா மருந்தைப் போட்டுச் சுடுவது தற்கொலை. கரிமருந்துக்குச் செய்த குழல் அதைத் தாங்காது.

தாத்தா காலமாகிவிட்டால் அவர் பெயரில் உள்ள லைசென்ஸும் அவரோடு போய்விட்டது. துப்பாக்கியை உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் மனுச் செய்ய வேண்டும். "அப்பா பேருலதான இருக்குது" என்று வீட்டிலேயே வைத்திருந்தால் அது உரிமமில்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. அதே திருத்தத்தில் உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும், முடிந்தபின்தான் திரும்பும். பன்றிக்குத் தேர்தல் விதிமுறை கிடையாது. துப்பாக்கியை மட்டும் நம்பிப் பயிர் வைத்தவருக்கு அந்த மாதங்கள் மொத்த நட்டம்.

எந்த விலைக்கும் வேண்டாதவை

கள்ளத் துப்பாக்கி, அவுட்டுக்காய், திருட்டு மின்வேலி. இந்த மூன்றும் எந்த உழவர் வீட்டிலும் இருக்கக் கூடாது.

அவுட்டுக்காயைப் பன்றி மட்டும் கடிக்காது. நம் மாடு கடிக்கும், நாய் கடிக்கும், விவரம் தெரியாத பிள்ளை கையில் எடுக்கும். 2020இல் கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கருவுற்ற யானை ஒன்று வெடி வைத்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்றுக்குள் நின்றே உயிர்விட்டது. நாடே பார்த்தது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் விளைநிலத்தில் வைத்த திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. இப்படியான வேலியில் இராத்திரி நீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரரும் சாகிறார். பிறகு கடலையைக் காப்பாற்றி யாருக்குக் கொடுக்க?

நம் மண்ணில் ஈயம்

இதை இயற்கை உழவர்களுக்கென்றே சொல்கிறேன். 12 போர் தோட்டா ஒன்றில் 28 முதல் 32 கிராம் வரை ரவை இருக்கும். அது பெரும்பாலும் ஈயம். பத்துத் தோட்டா சுட்டால் கால் கிலோவுக்கு மேல் ஈயம் நம் மண்ணில் விழுகிறது. அது மக்காது. மண்ணைக் கிளறும் கோழியும் கவுதாரியும் சிறு கல்லென்று நினைத்து விழுங்கும். ஒரு சொட்டு யூரியா படக் கூடாது என்று பாத்தி பாத்தியாகக் காப்பாற்றும் நாம், ஈயத்தை நம் கையாலேயே விதைக்கலாமா? சத்தம் மட்டும்தான் தேவை என்றால் அதற்கு ஈயம் எதற்கு? தகரம் தட்டினாலும் சத்தம்தான்.

அந்தப் பணத்தை வேலிக்குப் போடுவோம்

ஒரு கணக்குச் சொல்கிறேன். சதுரமான ஐந்து ஏக்கர் நிலத்தைச் சுற்றி வேலி போட ஏறக்குறைய 570 மீட்டர் வேண்டும். பத்துப் பேர் தனித்தனியாகப் போட்டால் 5,700 மீட்டர். அதே பத்துப் பேரின் ஐம்பது ஏக்கரையும் ஒரே சதுரமாகச் சேர்த்துச் சுற்றினால் 1,800 மீட்டர் போதும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நிலம் அப்படி அழகான சதுரமாக இருக்காதுதான். வண்டிப்பாதை வரும், ஓடை வரும், பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி நிலம் நடுவில் வரும். இருந்தாலும் பாதிக்குப் பாதியாவது மிஞ்சும். பத்துப் பேரும் தனித்தனியாகத் துப்பாக்கி வாங்கும் பணத்தைச் சேர்த்தால் சூரிய மின்வேலிக்குப் பெரும்பகுதி வந்துவிடும்.

சூரிய மின்வேலி என்பது விட்டு விட்டு வரும் அதிர்ச்சி. விலங்கை விரட்டும், கொல்லாது. 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டோரத்தில் போடுகிறவர்கள் வனத்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பன்றிக்குக் கீழ்க்கம்பிதான் முக்கியம். முழங்காலுக்குக் கீழே இரண்டு கம்பியாவது ஓட வேண்டும். அதில் புல் தொடாமல் வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். புல் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், பன்றி வயலுக்குள் போய்விடும்.

வேலிக்கு வழியில்லாதவர்கள் ஓரப்பயிரைப் பாருங்கள். கடலையைச் சுற்றி முள் குசும்பாவை நெருக்கமாக நாலு வரிசை விதைப்பதும், மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு வைப்பதும் ஓரளவு தடுக்கும். மணம் மாறுவதால் உள்ளே இருக்கும் பயிரை மோப்பம் பிடிக்கத் தடுமாறும். முழுத் தீர்வு என்று சொல்லமாட்டேன். ஆமணக்கு விற்ற காசாவது கைக்கு வரும். கடலை முற்றும் கடைசி இருபது நாளுக்குப் பரண் காவல் முறை வைத்தால், பத்து வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு இரவு. இதையெல்லாம் நம் முன்னோர் செய்தார்கள். நாம் தனித்தனியாகப் பிரிந்துபோனதால்தான் ஆளுக்கொரு துப்பாக்கி தேவைப்படுகிறது.

அரசிடம் கேட்க வேண்டியது

உழவன் மட்டும் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. மூன்று கிலோமீட்டர் கோடு போட்டுவிட்டால் காகிதத்தில் நேர்த்தியாக இருக்கிறது. அதிகம் இழப்பவர்கள் முதல் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். அவர்களுக்குச் சுடுவதும் இல்லை, கூண்டும் இல்லை. அப்படியானால் அந்த ஒரு கிலோமீட்டருக்கு வேலியை அரசே முழுச் செலவில் போட்டுத் தர வேண்டும். காட்டையும் விலங்கையும் காப்பது பொதுக் கடமையென்றால் அதன் செலவும் பொதுவாக இருக்கட்டும். ஓரத்தில் இருக்கும் ஏழை உழவன் தலையில் மட்டும் ஏன்?

ஊருக்கு ஒரு குழு என்கிறார்கள். அதில் ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறையினர் இருப்பார்களாம். பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அந்த 2025 சனவரியிலேயே முடிந்து போனது. குழுவில் ஊர்க்காரர் குரல் இல்லாமல் குழு எதற்கு? ஊர் உழவர்கள் இருவரையாவது சேர்க்க வேண்டும்.

கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவருக்கே ஆணையிடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைப் பட்டியலிட்டு அவர்கள் மூலம் சுடுகிறார்கள். அதில் நல்லதும் உண்டு, சிக்கலும் உண்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் மனுக் கொடுத்துவிட்டு அறுவடை முடியும் வரை காத்திருக்கும் நிலை மாற வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பன்றிகள் காட்டிலிருந்து தினமும் நடந்து வருபவை அல்ல. ஏரியிலும் ஓடையிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்துக்குள் குடியிருப்பவை. அங்கேயே நாலு, ஆறு என்று குட்டி போடுபவை. அந்தப் புதரை வேரோடு எடுக்காமல் எத்தனை பன்றியைச் சுட்டாலும் அடுத்த ஆண்டு அதே எண்ணிக்கை வந்து நிற்கும்.

பயிர்ச்சேத நிவாரணம் விண்ணப்பித்த முப்பது நாளில் கைக்கு வர வேண்டும். அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு முறை சேதம் ஆகும்போதும் படம் எடுத்து, தேதி போட்டு, மனுக் கொடுத்து, ரசீது வாங்கி வைப்பது. "எப்படியும் தரமாட்டாங்க" என்று மனுவே கொடுக்காமல் விட்டால், நம் ஊரில் பன்றித் தொல்லையே இல்லை என்றுதான் அரசுக் கணக்கில் இருக்கும்.

ஆகவே வாங்குவதா என்று தடுமாறிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரிசையில் போங்கள். முதலில் பக்கத்துக் காட்டுக்காரர் ஒன்பது பேரைக் கூட்டிப் பேசுங்கள். வேலிக்கு வரைபடம் போடுங்கள். சேதத்துக்கு மனுக் கொடுங்கள். அதன் பிறகும் துப்பாக்கி தேவை என்று தோன்றினால், பத்துப் பேருக்கும் சேர்த்துப் பொறுப்பான ஒருவர், பயிற்சிச் சான்றோடு, லைசென்ஸோடு, சோதித்த பழைய 12 போர் ஒன்று வாங்கட்டும். அவர் பெயரில் உள்ளதை அவர் மட்டும்தான் எடுக்க வேண்டும், மற்றவர் கையில் கொடுக்கக் கூடாது. பூட்டிய பெட்டியில் துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம் என்று வைக்கட்டும். அதை எடுக்க வேண்டிய தேவை எந்த வருசம் வரவில்லையோ, அந்த வருசம் வேலி நன்றாக வேலை செய்கிறது என்று பொருள்.